லைசென்ஸ் இருக்கு, கப்பல் இல்லை

(காஞ்சிபுரத்தில் அம்பேத்கர் பிறந்தநாளை ஒட்டி நடந்த மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் விட்டுப்போன சில விபரங்கள் எழுதும்போது சேர்க்கப்பட்டுள்ளன.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். நோட்டீஸிலும் 'கவிஞர்' என்றுதான் போட்டிருக்கிறது. இன்றைக்குக் கவிதை கிடையாது, மன்னிக்கணும். ஒரு கடன் பைலைப் பற்றிப் பேசப்போகிறேன். பகலில் நான் வங்கியில் கிளார்க். கவிதை எழுதுவது ராத்திரியில். இரண்டையும் கலக்கக்கூடாது என்று இதுவரை ஜாக்கிரதையாக இருந்தேன்.

போன வருஷம் ஜூன் மாதம். மதியம் கவுண்டரில் கூட்டம் குறைந்த நேரம். ஒரு பையன் வந்து, அவன் அப்பா பேருக்குப் போன நோட்டீஸை நீட்டினான். கல்விக் கடன். தவணை கட்டாமல் தொண்ணூறு நாள் தாண்டி, வாராக்கடன் கணக்கில் போய்விட்டது. அந்த நோட்டீஸில் முத்திரை குத்தி அனுப்பியது நான்தான். அது அவனுக்குத் தெரியாது.

'என்ன படிச்ச?' என்றேன்.

'கப்பல் ஆபீசர்ணா.'

'அப்புறம் என்னடா, லட்சக்கணக்கில சம்பளமாச்சே. வேலைக்குப் போகலையா?'

'லைசென்ஸ் இருக்குணா. கப்பல்தான் இல்ல.'

பாலாற்றங்கரைப் பக்கம் ஒரு காலனிப் பையன். அப்பா பிள்ளையார்பாளையத்தில் வேறொருவர் தறியில் கூலிக்கு நெய்கிறவர். பேர் வேண்டாம். அவன் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், திரும்பிப் பார்க்காதீங்க.

லைசென்ஸ் இருக்கிறவனுக்கு ஏன் கப்பல் இல்லை? இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது.

எனக்கு வேலை கிடைத்த கதையைச் சொன்னால் வித்தியாசம் தெரியும். ஒரு தேர்வு. ஒரு ரோல் நம்பர். இத்தனை இடம், அதில் பட்டியல் சாதிக்கு இத்தனை என்று அறிவிப்பிலேயே கட்டம் போட்டிருந்தது. தேர்வில் தேறியதும் வேலை. என்னை வங்கியில் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பாபாசாகேப் போட்ட அந்தக் கட்டத்துக்குள் ஏறி உட்கார்ந்தேன், அவ்வளவுதான். கப்பலில் அப்படி இல்லை. அங்கே தகுதியைக் கொடுப்பது அரசாங்கம், வேலையைக் கொடுப்பது கம்பெனி. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. நம் பிள்ளைகள் விழுவது அந்தப் பள்ளத்தில்.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். 2008இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து ஆரம்பித்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் ஒரு நுழைவுத் தேர்வு நடத்துகிறது. மூன்று பாடச் சராசரியில் நமக்கு ஐந்து சதம் தளர்வு உண்டு. ஆங்கிலத்தில் ஐம்பது சதம் வேண்டும், அதில் தளர்வு கிடையாது. அந்த ஒரு வரியில் எத்தனை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கண் பார்வை சரியாக இருக்க வேண்டும், நிறக்குருடு இருக்கக்கூடாது. ராத்திரிக் கடலில் எதிரே வரும் கப்பலின் இடது பக்க விளக்கு சிவப்பு, வலது பக்கம் பச்சை. அதை வைத்துத்தான் அது எந்தத் திசையில் போகிறது என்று சொல்ல முடியும். இந்தச் சோதனையில் மட்டும் பயல் சிரித்துக்கொண்டே தேறினானாம். அரக்கு எது, மெரூன் எது, கிளிப்பச்சை எது, இலைப்பச்சை எது என்று தறிக்குழியில் உட்கார்ந்த அப்பாவிடம் ஐந்து வயதில் கற்றவன்.

படிப்பில் இரண்டு வழி. நாட்டிகல் சயின்ஸ் பி.எஸ்ஸி. மூன்று வருஷம் படிக்கலாம். அல்லது ஒரு வருஷ டிப்ளமோ முடித்து, பதினெட்டு மாதம் கப்பலில் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தேர்வு எழுத முடியும். கடல் அனுபவம் இல்லாதவனுக்குத் தேர்வே கிடையாது. அப்படியென்றால் முதல் வேலை என்பது லைசென்ஸ் வாங்கிய பிறகு வருவது அல்ல, லைசென்ஸுக்கு முன்னாலேயே வேண்டும். இதை எந்தக் கல்லூரி விளம்பரமும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

நம் பையன் டிப்ளமோ முடித்துவிட்டு கேடட் இடத்துக்காகப் பதினாலு மாதம் அலைந்தான். கடைசியில் ஒரு சின்னக் கம்பெனியின் பழைய கப்பலில் இடம் கிடைத்தது. துரு சுரண்டினான், பெயிண்ட் அடித்தான், இரும்புத்தாது தூசியில் இருமினான். அங்கே அது எல்லாரும் செய்வது, குறை சொல்லவில்லை. பதினெட்டு மாதம் முடித்து இறங்கினான். அடுத்த வருஷமே அந்தக் கப்பலைக் குஜராத்தில் அலங் கடற்கரையில் உடைக்க விற்றுவிட்டார்கள்.

கப்பல் உடைந்ததில் இவனுக்கு என்ன என்று அப்போது எனக்குப் புரியவில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது. கேடட்டாக ஏற்றிய கம்பெனிதான் வழக்கமாக அவன் தேர்வு முடித்ததும் மூன்றாம் அதிகாரியாகத் திரும்ப ஏற்றும். அவனைப் பார்த்திருக்கிறார்கள், அவனைப் பற்றிக் கேப்டன் எழுதிய குறிப்பு கையில் இருக்கிறது, ஏற்றுவார்கள். வெளியாளை ஏற்ற மாட்டார்கள். இவனுடைய கம்பெனியிடம் இப்போது கப்பலே இல்லை. அப்போதே இவன் வெளியாள் ஆகிவிட்டான். தேர்வு எழுதுவதற்கு முன்னாலேயே!

தேர்வு சென்னை ராஜாஜி சாலையில், துறைமுகத்தை ஒட்டிய வணிகக் கடல் துறை அலுவலகத்தில். திருமால்பூரிலிருந்து வரும் ரயிலில் காஞ்சிபுரத்தில் ஏறினால் பீச் ஸ்டேஷனில் இறங்கி நடந்து போய்விடலாம். எழுத்துத் தேர்வு, அப்புறம் வாய்மொழித் தேர்வு. எதிரே ஒரு சர்வேயர் உட்கார்ந்து, 'உன் கப்பல் இங்கே, எதிரே இந்த விளக்குகளோடு ஒரு கப்பல், இப்போது என்ன செய்வாய்?' என்று கேட்பார். 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகளை ஆங்கிலத்தில் வரி பிசகாமல் சொல்ல வேண்டும். முதல் தடவை ஆங்கிலம் திக்கியது. இரண்டாவது தடவை தேறினான். செகண்ட் மேட் சான்றிதழ் கைக்கு வந்தது. காலனி முனையில் பேனர் வைத்தார்கள், 'கேப்டன்' என்று போட்டு. கேப்டன் ஆக இன்னும் மூன்று படி இருக்கிறது என்று அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

அந்தச் சான்றிதழோடு ஏறினால் மூன்றாம் அதிகாரி. காலை எட்டு முதல் பன்னிரண்டு, ராத்திரி எட்டு முதல் பன்னிரண்டு, கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் அவன் பொறுப்பு. உயிர்காக்கும் படகு, மிதவை, தீயணைப்புச் சாமான் எல்லாம் அவன் கணக்கு.

பிறகு மும்பை. கப்பல் ஆள் எடுக்கும் கம்பெனி அலுவலகங்கள் அந்தேரி, பொவாய், பேலாப்பூர் என்று கிடக்கின்றன. பைலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறினான். சில இடங்களில் செக்யூரிட்டியே ஒரு பெட்டியைக் காட்டி பயோடேட்டாவைப் போடச் சொல்லிவிடுவார். உள்ளே விட்ட இடங்களில் இரண்டு கேள்வி. முதல் கேள்வி, 'இந்தப் பதவியில் முன் அனுபவம் உண்டா?' மூன்றாம் அதிகாரி ஆவதற்கு வந்தவனிடம் மூன்றாம் அதிகாரியாக இருந்தாயா என்று கேட்கிறார்கள். எண்ணெய்க் கப்பல்களில் இது இன்னும் இறுக்கம். சரக்கை ஏற்றிவிடும் பெரிய எண்ணெய்க் கம்பெனிகள், கப்பல் அதிகாரிகளுக்கு எத்தனை வருஷ அனுபவம் என்று அட்டவணை போட்டுப் பார்க்கிறார்கள். அதனால் புதுசாக ஒருவனை ஏற்ற யோசிப்பார்கள். டேங்கரில் பொறுப்பு வகிக்க வேண்டிய சான்றிதழுக்கே டேங்கரில் இருந்த அனுபவம் வேண்டும்.

இரண்டாவது கேள்வி, 'யார் அனுப்பினது?'

தோழர்களே, அங்கே யாரும் இவன் சாதியைக் கேட்கவில்லை. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 'யார் அனுப்பினது' என்று மட்டும்தான் கேட்டார்கள். மாமா கேப்டனாக இருக்கிறவன், அப்பா சீப் என்ஜினியராக இருக்கிறவன், அண்ணன் கம்பெனியில் சூப்பிரண்டென்டாக இருக்கிறவன், ஒரு பெயரைச் சொல்கிறான். இவன் யார் பெயரைச் சொல்வான்? தறிக்காரர் பெயரையா? சாதியைக் கேட்காமலே சாதி வேலை செய்கிற இடம் இது. நாலு தலைமுறையாக நாம் எங்கே நிறுத்தப்பட்டோம் என்பது அந்த ஒரு கேள்வியில் வந்துவிடுகிறது.

இந்தக் கடல் யாருடையது என்று கொஞ்சம் பார்ப்போம். கடல் தாண்டுவதைப் பாவங்களின் பட்டியலில் வைத்தது பௌதாயன தர்மசூத்திரம். தாண்டினவன் பதிதன். சரி, விலகிப்போங்கள் என்று அவர்களை விட்டுவிட்டுக் கடலில் ஏறினது யார்? 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 342 ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. அப்படிப் போன கப்பல்களின் பயணிப் பட்டியலில் பெயர், அப்பா பெயர், வயது, ஊர் என்ற வரிசையில் சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. அப்புறம் வந்த வருஷங்களில் நம்முடைய இந்தப் பழைய செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கடல் தாண்டிப் போய்த் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1930இல் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போனவர். பாபாசாகேப் 1917இல் படிப்பை விட்டுத் திரும்பும்போது அவருடைய புத்தகங்களை ஏற்றி வந்த கப்பல் குண்டடிபட்டு மூழ்கியது. நமக்கும் கடலுக்கும் உறவு புதுசு இல்லை. நம்மைச் சரக்கோடு சரக்காகக் கீழ்த்தளத்தில் ஏற்றினார்கள். பிரிட்ஜில் ஏற்றவில்லை. இந்தியர்களை அதிகாரிகளாகப் பயிற்றும் 'டஃபரின்' கப்பலே 1927இல்தான் பம்பாயில் வந்தது. அதிலும் காசு கட்டிப் படிக்க வசதி இருந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

இப்போது ஏஜென்டு. மும்பையிலிருந்து திரும்பின பையனுக்குச் சென்னையில் ஒருவர் கிடைத்தார். நாலு லட்சம் கொடுத்தால் ஒரு மாதத்தில் கப்பல். ரசீது கிடையாது. கப்பல் பெயர் பிறகு சொல்லப்படும், துபாயில் போய் ஏற வேண்டும். அவன் அம்மா என் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். 'தம்பி, மனப் பட்டா ஒண்ணு கீது. வெச்சுடலாமா?' ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனை அது. அப்பா பேசவில்லை. கடைசியில் ஒன்று சொன்னார்: 'நான் தறிக்கு முன்பணம் வாங்கிக்கினு உக்காந்தேன். இவன் கப்பலுக்கு முன்பணம் குடுத்துட்டு உக்காரணும்ன்றான். இன்னா வித்தியாசம்?'

முன்பணம் என்ற சொல்லைக் காஞ்சிபுரத்தில் விளக்க வேண்டியதில்லை. தறி முதலாளியிடம் வாங்கின முன்பணம் தீருகிற வரை வேறு தறிக்குப் போக முடியாது, தீரவும் தீராது. பிள்ளைகளைக் கோர்வைக்கு உட்கார வைத்து அந்தக் கடனைக் கழித்த கதையை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் அறிக்கையாகவே எழுதியது, அதில் நம் ஊர் இருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்.

கப்பல் வேலைக்குப் பணம் வாங்குவதும் சட்டப்படி குற்றம். இதுவும் புதுசு அல்ல. மாலுமிக்கு வேலை தேடிக் கொடுப்பதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1920இலேயே ஓர் ஒப்பந்தம் போட்டது. இந்திய மாலுமிகள் சேர்ப்பில் நடந்த லஞ்சத்தைப் பற்றி 1931இல் விட்லி கமிஷன் எழுதியது. கப்பலேற செராங்குக்குக் காசு, தரகனுக்குக் காசு, அப்போதே. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தை இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றது. அதன்படி பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் செலவை மட்டும் வேலைக்குப் போகிறவன் தலையில் போடலாம். விசா செலவுகூடக் கப்பல் முதலாளியுடையது. ஆள் அனுப்புகிற நிறுவனத்துக்கு மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். ஆர்.பி.எஸ்.எல். என்பார்கள். பட்டியல் அவர்களுடைய இணையதளத்தில் இருக்கிறது. நான் தேடிப் பார்த்தேன். நம்ம ஆள் பெயர் அதில் இல்லை.

பணம் போனால் போகட்டும் என்று சொல்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கொடுத்த கணக்குப்படி 2024இல் 312 கப்பல்களில் 3133 மாலுமிகளை முதலாளிகள் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். சம்பளம் இல்லை, சாப்பாடு இல்லை, இறங்கவும் முடியாது. அதில் 899 பேர் இந்தியர்கள். எந்த நாட்டையும்விட அதிகம். பெயர் பிறகு சொல்லப்படும் கப்பலில் ஏறினால் அந்தப் பட்டியலில் சேரலாம்.

நான் பட்டாவை வைக்க வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை. வங்கிச் சம்பளம் வாங்குகிறவன் சுலபமாகச் சொல்லிவிடலாம். இவனோடு படித்த இரண்டு பேர் பணம் கொடுத்தார்கள். ஒருவன் ஏமாந்தான். இன்னொருவன் ஏறிவிட்டான், இப்போது சம்பளம் அனுப்புகிறான். அந்த ஏறினவனைப் பற்றி அவன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலாம்.

அரசாங்கம் எங்கே என்று கேட்பீர்கள். இந்தியக் கப்பல் கழகம் 1961 அக்டோபர் 2இல் உருவான பொதுத்துறை நிறுவனம். கேடட் சேர்ப்பில் இடஒதுக்கீடு உண்டு, பயிற்சிக்குப் பொவாயில் நிலையம் உண்டு. கடலில் நமக்குக் கட்டம் போட்ட ஒரே பெரிய இடம் அதுதான். அதை விற்க மத்திய அமைச்சரவைக் குழு 2019 நவம்பரில் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. பொதுத்துறை விற்பனை என்றால் நம் மேடைகளில் வங்கியும் ரயிலும் பேசுகிறோம். கப்பலை யாரும் பேசுவதில்லை, அங்கே நம்மவர்கள் குறைவு என்பதால். தமிழ்நாட்டு அரசுக்கும் கப்பல் கம்பெனி உண்டு, 1974இல் தொடங்கிய பூம்புகார் கப்பல் கழகம். மின்வாரியத்துக்கு நிலக்கரி ஏற்றி வரும். தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்று அதற்குச் சொந்தக் கப்பல்கள் ஓடின. நம் ஊர்க்காரர் பேரிலேயே கப்பல் விட்டிருக்கிறார்கள்! அந்தக் கப்பல்களின் பிரிட்ஜில் சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர் நின்றார்கள் என்று நம் இயக்கங்கள் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். நாமும் கேட்கவில்லை.

அடுத்து வங்கி. என் வீட்டுக் குப்பையையும் கிளற வேண்டும் அல்லவா. கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. நல்ல விஷயம். ஆனால் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் போனால் தவணை ஆரம்பித்துவிடும். இந்தக் கணக்கு என்ஜினியரிங் படிக்கிறவனுக்குப் போட்டது. கப்பல் டிப்ளமோவுக்குப் படிப்பு ஒரு வருஷம். இவன் கேடட் இடத்துக்காக அலைந்த பதினாலு மாதத்திலேயே சலுகைக் காலம் தீர்ந்துவிட்டது. அப்புறம் கேடட்டுக்குக் கிடைக்கிற சொற்ப உதவித்தொகையில் கொஞ்சம் கட்டினான். தேர்வுக்குப் படிக்கிற மாதங்களில் கட்ட முடியவில்லை. கணக்கு முறிந்தது. கடன் பாக்கி உள்ளவனுக்கு வங்கி வேலையே கிடையாது என்று தேர்வு அறிவிப்பில் நிபந்தனை போடுகிறார்கள். கடலும் இல்லை, கவுண்டரும் இல்லை. பதினெட்டு மாதக் கட்டாயக் கடல் பயிற்சியைப் படிப்புக் காலமாகச் சேர்க்க வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. மாணவர் அமைப்புகள் எழுதினால் வரலாம். மாடு வாங்க, ஆட்டோ வாங்கக் கடன் கொடுக்கிற தாட்கோவிடம், இந்தக் காத்திருப்பு மாதங்களுக்கு ஒரு நிதி கேளுங்கள்.

இங்கே பிளஸ் டூ முடித்து உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்லணும். கப்பல் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. போங்கள். ஆனால் லைசென்ஸ் வாங்கிவிட்டு வேலை தேடலாம் என்று போகாதீங்க. வேலையைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பில் சேருங்கள். நல்ல கம்பெனிகள் டிப்ளமோவில் சேருவதற்கு முன்னாலேயே தாங்களே தேர்வும் நேர்முகமும் வைத்து ஆள் எடுக்கின்றன. ஸ்பான்சர்ஷிப் என்று பெயர். அதில் தேறினவனுக்குக் கேடட் இடம் நிச்சயம், கேடட் இடம் இருந்தால் மூன்றாம் அதிகாரி இடமும் பெரும்பாலும் அங்கேயே. ஸ்பான்சர் கிடைக்கவில்லையா, அந்த வருஷம் சேராதீங்க, அடுத்த வருஷம் எழுதுங்க. 'சேர்ந்துடு, பிளேஸ்மென்ட் நாங்க பாத்துக்கிறோம்' என்று சொல்கிற கல்லூரியிடம், போன வருஷம் எத்தனை பேரை எந்தக் கப்பலில் ஏற்றினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு தகவலை இவனுக்குப் பதினேழு வயதில் சொல்ல ஆள் இல்லை. கேப்டன் வீட்டுப் பிள்ளைக்கு அது சாப்பிடும்போது காதில் விழுகிறது. நமக்குக் கூட்டம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. கப்பலில் இருக்கிற நம் ஆட்கள் அங்கங்கே இருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தெரியாது. பலர் சொல்லிக்கொள்ள விரும்புவதும் இல்லை, அது அவர்கள் இஷ்டம். ஆனால் போன மாதம் ஒரு செகண்ட் ஆபீசர், வட மாவட்டத்துக்காரர், நம் பையனின் பைலைத் தன் கம்பெனியில் கொடுத்தார். பணம் கேட்கவில்லை. உரிமம் உள்ள கம்பெனி, நம்பரைச் சரிபார்த்துவிட்டேன். 'யார் அனுப்பினது' என்ற கேள்விக்கு முதல் தடவையாக இவனிடம் ஒரு பெயர் இருக்கிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை மும்பையில் நேர்முகம். ரயில் டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்டில் நிற்கிறது. மூன்று நாள் தங்க வேண்டியிருக்கும். தாராவியில் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள், வாசல்கிட்டதான் நிற்பேன்.